மங்களா மொழியில் ‘நிறுத்து’ கிடையாது

பெல்ட்டுக்கு பக்கிள் அடிக்கிற பூலோகத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த ஜென்மத்தில் ஒரு தகராறும் இருந்ததில்லை. தாராவியில் அவருடைய பட்டறையில் இருப்பது ஒரு கைப்பிரஸ், ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். பிரஸ்ஸை ஒரு தடவை இழுத்தால் ஒரு பக்கிள் ஏறும். ஒன்று கேட்டால் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையிலேயே அவர் தலை நரைத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் மாட்டுங்கா சுபகாரிய சபையின் கவுண்டர் முன்னால் நிற்க வைத்தது, மகள் மாரிசெல்வியின் கல்யாணம்.

கல்யாணத்தைத் தாராவியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். மாப்பிள்ளையின் அப்பா வானமாமலை ஒத்துக்கொள்ளவில்லை. உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் மொத்த வியாபாரம் செய்கிற அவருக்கு மரியாதை முக்கியம். அதைவிடச் சகுனம் முக்கியம். பிளாட்பாரத்தில் பூனை குறுக்கே போனதென்று, ஏறின ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பியவர். மகன் ஹரிக்கு இதற்கு முன்னால் பேசி முடித்த இடத்தில், உடைத்த தேங்காய் அழுகலாக இருந்ததைப் பார்த்துத் தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தவர்.

“மாட்டுங்கா ஹால்னா கௌரவமா இருக்கும் சம்பந்தி. அபசகுனமா மட்டும் ஒண்ணும் நடந்துறக் கூடாது. நடந்துச்சுன்னா மணவறைன்னுகூடப் பாக்க மாட்டேன், எந்திரிச்சுருவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூடப் பூலோகம் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். மாரிசெல்விக்கும் ஹரிக்கும் ஐரோலியில் ஒரே கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை. முதலில் பிடித்துப்போய், பிறகுதான் ஜாதகம் பார்த்தார்கள். அந்தப் பெண் பன்னிரண்டாவது பெயிலானபோதுகூட அழாதவள், வானமாமலை சரி என்று சொன்ன அன்றைக்கு பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். அதனால் பூலோகம் சகுனத்துக்குக் காவல் நிற்பது என்று முடிவு செய்தார்.

சகுனத்துக்குக் காவல் நிற்பதில் மாட்டுங்கா சுபகாரிய சபையை மிஞ்ச ஆளில்லை. அந்தச் சபைக்கு ஒரு ஹால், ஒரு தலைவர், எண்ணிக்கை சொல்ல முடியாத அளவுக்கு உபதலைவர்கள். சமையலுக்கு ஒரு உபகுழு, கோலத்துக்கு ஒரு உபகுழு, வாசலில் செருப்பு காணாமல் போவதை ஆராய ஒரு உபகுழு. எல்லாவற்றுக்கும் மேலே, ஈசான மூலையில் தனி அறை கொடுத்து உட்கார வைத்திருப்பது கம்ப்யூட்டர் உபகுழுவை. மற்ற சபைகள் கம்ப்யூட்டர் வாங்கின. இந்தச் சபை கம்ப்யூட்டருக்கு ஒரு மொழியே செய்தது. பெயர் மங்களா.

மங்களா மொழியில் ஒரு அமங்கலச் சொல் கிடையாது. ‘இல்லை’ என்று அது சொல்லாது. உப்பு தீர்ந்துபோனால் வீட்டில் ‘நிறைய இருக்கு’ என்று சொல்கிறோமே, அதைப்போலச் சொல்லும். ஒரு தேதியில் ஹால் காலி இல்லையென்றால் திரையில் ‘நிறைய இருக்கிறது’ என்று வரும். அதை நம்பிப் பத்திரிகை அடித்தவர்கள் இரண்டு மாப்பிள்ளைகளோடு ஒரே மணவறையில் முட்டிக்கொண்ட கதையும் உண்டு. ‘அணை’ என்ற சொல்லும் கிடையாது. விளக்கைக் குளிர வைக்கிறோம் அல்லவா, அதேபோல் கம்ப்யூட்டரை அணைக்க ‘குளிர்விக்க’ என்று கட்டளை போட வேண்டும். முதல் தடவை போட்டபோது ஏ.சி. ஓடத் தொடங்கி, உபகுழு முழுக்கச் சளி பிடித்தது.

இவ்வளவு மங்களகரமான இடத்தில்தான் பூலோகம் போய், கவுண்டரில் இருந்த கோகிலவாணியிடம் கல்யாணத்துக்கு ஹால் வேண்டும் என்றார். அவள் அவருடைய பெயரையும் போன் நம்பரையும் முகூர்த்தத் தேதியையும் வாங்கிக்கொண்டு ஒன்று என்ற எண்ணை அழுத்தினாள். பூலோகத்தின் சட்டைப்பையில் போன் குலுங்கியது.

‘தங்கள் திருமணம் உறுதி. வாழ்க.’

அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்குள் போன் மறுபடி குலுங்கியது.

‘தங்கள் வளைகாப்பு உறுதி. வாழ்க.’

அப்புறம் பெயர்சூட்டு உறுதி. காதுகுத்து உறுதி. அறுபதாம் கல்யாணம் உறுதி. கடைசியாக, ‘தங்கள் இரங்கல் கூட்டம் உறுதி. வாழ்க.’ அதோடு போன் அடங்கியது.

பூலோகம் போனைக் கவுண்டருக்குள் நீட்டினார். “யம்மா, நான் கல்யாணம் மட்டும்தான கேட்டேன்.”

“வந்திருக்கே சார். முதல்ல பாருங்க.”

“அது வந்துருக்கு. அதுக்குக் கீழ என்னென்னமோ வந்துருக்கே.”

“கீழயும் வரும் சார். சிஸ்டம் அப்படித்தான்.”

“அன்னிக்குப் பதினோரு மணிக்கே வளைகாப்புன்னு போட்டுருக்கும்மா.”

“ஒன்பதரைக்கு முகூர்த்தம் முடிஞ்சிடுதே சார்” என்றாள் கோகிலவாணி, அவருக்கு நல்லது சொல்லுகிற தொனியில். “நடுவுல டைம் இருக்கு.”

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி முப்பிடாதியம்மாள் அரிசி களைந்த கையை உதறிக்கொண்டு வந்தாள்.

“தாலி கட்டுன அன்னிக்கே வளைகாப்பா? ஏங்க, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாவ? ஒங்களுக்கு அங்கன வாயி இல்லையா?”

“கேட்டேன்லா. டைம் இருக்குங்கா அந்தப் பொண்ணு.”

“டைம் இருக்குன்னு புள்ளையப் பெத்துற முடியுமா?”

மாரிசெல்வி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. தன் வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

“யப்பா, தாதர்ல ஃபாஸ்ட் வண்டில ஏறிட்டு மாட்டுங்காவுல எறங்கணும்னா முடியுமா?”

“எப்படி முடியும்? அது நிக்காதே. நேரா குர்லா போயிரும்.”

“அதான் நடந்திருக்கு. ஒண்ணுன்னு அமுக்கினா கல்யாணத்துல ஏறுது. அந்த வேலை முடிஞ்சதும் நில்லுன்னு எழுதியிருக்கணும். எழுதலைன்னா அடுத்த ஸ்டேஷன் வேலையையும் செய்யும், அதுக்கடுத்ததையும் செய்யும், கடைசி வரைக்கும் ஓடிட்டேதான் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் மொழில எல்லாம் இப்படித்தான், நாமதான் ஞாபகமா நில்லுன்னு போடணும். புதுசா வந்ததுல பாதி தானா நின்னுரும். இவங்க எவனோ போட மறந்துட்டான்.”

“அப்போ போய்ச் சொன்னா போட்டுருவாவள்லா?”

“ஒரு வார்த்தைப்பா. ரெண்டு நிமிஷ வேலை.”

தாராவியில் ஒற்றையறை வீட்டுக்குக் கோலி என்று பெயர். பக்கத்துக் கோலியில் இருக்கிற தாஹிர் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் அந்த ஹாலுக்கு மைக் செட் போடுகிறவன். ஏர்வாடிக்காரன், பூலோகத்துக்குத் தம்பி மாதிரி.

“அண்ணே, அவங்க மறக்கல. நான் அங்க தெனம் பாக்கறேன். போன மாசம் ஒரு புள்ளைக்குக் காதுகுத்து, புக்கிங்கும் அது பேர்லயே. ஒரு வயசு இருக்கும். காது குத்துனதும் கூட்டிட்டுப் போயி மனையில உக்கார வச்சு, அறுபதாம் கல்யாணம்னு கலசத்துத் தண்ணிய ஊத்திட்டாங்க. ஐயரு வந்துட்டாரு, பூ வந்துருச்சு, சமையலும் ஆயிருச்சு, எப்படி வேணாம்ங்கறது? புள்ள நல்லா சிரிச்சிட்டு இருந்துச்சு. சாயங்காலம் அதே புள்ளை போட்டோவுக்கு மாலை போட்டு ஊதுபத்தி வச்சப்பதான் அதோட ஆத்தா மயக்கம் போட்டு விழுந்தா.”

முப்பிடாதி நெஞ்சில் கை வைத்தாள். வானமாமலை உட்கார்ந்திருக்கிற ஹாலில், ஊதுபத்திக்குப் பின்னால் ஹரியின் படமோ மாரிசெல்வியின் படமோ மாலையோடு இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே பூலோகம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஈசான மூலை அறைக்குப் போனார். கம்ப்யூட்டர் உபகுழுவின் தலைவர் அனந்தநாராயணன் செம்பூரிலிருந்து தினமும் ஆட்டோவில் வந்து அங்கே உட்காருகிறவர். ஒரு பெரிய கம்பெனியில், கம்ப்யூட்டர் ஒரு அறை அளவுக்கு இருந்த காலத்திலேயே அதற்குக் கட்டளை எழுதியவர் என்று பெயர். அவருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

பூலோகம், மகள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். “ஐயா, ஒரு வார்த்தை விட்டுப்போச்சாம். கல்யாணத்துக்குப் பொறவு நில்லுன்னு போடணுமாம்.”

அனந்தநாராயணன் காதைப் பொத்திக்கொண்டார். “சுபகாரியத்துக்கு வந்துட்டு என்ன வார்த்தை சொல்றேள்? முதல்ல உக்காருங்கோ. தண்ணி சாப்பிடறேளா?”

பூலோகம் உட்கார்ந்தார்.

“விட்டுப்போகலை. எடுத்தோம். புரோகிராம் எழுதின பையன் எல்லாத்தையும் எழுதி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்து வச்சான். உபகுழு மொத்தமும் உக்காந்து வரி வரியாப் படிச்சோம். முதல் வரி, திருமணம் நடத்துக. ரெண்டாவது வரி என்ன தெரியுமோ? நிறுத்துக. கல்யாணம்னு எழுதி அடுத்த வரியிலே நிறுத்துகன்னு எழுதியிருக்கான். படிச்சவருக்கு நாக்கு குழறிடுத்து. வளைகாப்பு, நிறுத்துக. காதுகுத்து, நிறுத்துக. அறுபதாம் கல்யாணத்துக்கு அப்புறமும் நிறுத்துக. அறுபது வயசு மனுஷனைப் பாத்து நிறுத்துன்னா, அவன் எதை நிறுத்தறது? அன்னிக்கே ஏகமனதாத் தீர்மானம் போட்டு, எல்லா நிறுத்துகவையும் எடுத்துட்டோம்.”

“அதுக்குப் பொறவு நிக்கலையே ஐயா.”

“எதுக்கு நிக்கணும்? பாருங்கோ, இப்போ புதுசு புதுசா மொழி பண்றா. ஒரு வேலையைச் செஞ்சதும் தானா நின்னுடறது. அது சோம்பேறி மொழி. மனுஷாளை நம்பாத மொழி. நம்ம மொழி ஒரு தடவை ஆரம்பிச்சா வாழ்க்கை முழுக்கக் கூட வரும். கல்யாணம் ஆனவாளுக்கு வளைகாப்பு வராதா? பொறந்த குழந்தைக்குக் காது குத்த வேண்டாமா? எல்லாம் ஒரு நாள் வரப்போறதுதானே. நீங்க கேக்காமலேயே கொடுக்கிறோம். இந்த முறை வந்த அப்புறம் சபையிலே நடக்கற விசேஷம் ஆறு மடங்கு ஆயிடுத்து. ஆண்டறிக்கையிலே போட்டு, டில்லியிலே கேடயம் கொடுத்தா.”

கேடயம் அலமாரியில் இருந்தது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தது.

“கஷ்டப்படறவாளும் இருக்கா, நான் இல்லைன்னு சொல்லலை” என்றார் அவர், குரலை இறக்கி. “அவாளுக்காக எட்டு மாசம் கூடி, நிறுத்துகவுக்கு ஒரு நல்ல வார்த்தை தேடினோம். ‘இளைப்பாறுக’ன்னு ஒருத்தர் சொன்னார். அது சுடுகாட்டு வாசல்லே எழுதறதுன்னு இன்னொருத்தர் எதிர்த்தார். கடைசியிலே ‘சற்று அமர்க’ன்னு போட்டுப் பாத்தோம். மெஷின் அமர்ந்துடுத்து. எழுந்திருக்கலை. ‘எழுந்தருள்க’ன்னு ஒரு வார்த்தை பண்ணி அதை எழுப்பறதுக்குள்ளே ஆடி மாசம் முழுக்கப் போயிடுத்து.”

“எல்லாத்துலயும் எடுத்துட்டியளா ஐயா?”

“இரங்கல் கூட்டத்துக்கு அப்புறம் மட்டும் இருக்கு. அங்க அது பொருத்தம். அதோட நிக்கட்டும்னுதானே எல்லாரும் வேண்டிக்கறா.” அனந்தநாராயணன் கொஞ்ச நேரம் யோசனையாகக் கூரையைப் பார்த்தார். “இரங்கல்னு சொன்னதும் ஞாபகம் வரது. ஒரு ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கேன். இந்த முறை வந்த அப்புறம் நம்ம ஜனங்களிலே காலமாகறவா ஜாஸ்தியாயிட்டா. அதுவும் தையிலேயும் ஆவணியிலேயும்தான் போறா. நல்ல முகூர்த்த நாளாப் பாத்துப் போறா. மார்கழியிலே ஒருத்தர்கூடப் போறதில்லை. எவ்வளவு புண்ணியம் பண்ணியிருக்கணும் சொல்லுங்கோ.”

பூலோகம் எழுந்தார். கேட்டதற்கு மேலேயே எல்லாம் கிடைத்துவிட்டது என்பதுபோலக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். புக்கிங்கை ரத்து செய்துவிட்டு வேறு ஹால் பார்க்கலாம் என்று கவுண்டருக்குப் போனால், ‘ரத்து’ என்ற சொல்லும் மங்களாவில் இல்லை. பத்திரிகை வேறு அடித்துக் கொடுத்தாயிற்று. வானமாமலை அதை உல்லாஸ்நகர் முழுக்க விநியோகித்தும் விட்டார். பூலோகம் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோகிலவாணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தாள். “சார், ரத்துதான் கிடையாது. ‘மாற்றுக’ இருக்கு. மாலை மாத்தறோம் இல்ல, அதனால அதை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. ஒண்ணை ஆறா மாத்திடுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க.”

“ஆறுன்னா?”

“இரங்கல் கூட்டம். ஆறுல ஏறினா அதுக்குக் கீழ எதுவும் இல்ல, நிறுத்துகவும் இருக்கு. ஹால் உங்களுக்கு. உள்ள நீங்க கல்யாணம் பண்ணா யார் பாக்கப் போறாங்க? கமிட்டிலேர்ந்து ஒருத்தர் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாங்க. மைக்காரர்கிட்ட சொல்லி சத்தத்தைக் கொறைச்சிடுங்க, மேளத்துல ஒண்ணும் கேக்காது.”

அப்போதுதான் பூலோகத்துக்கு, தையில் போகிறவர்கள் யார் என்று புரிந்தது.

“மறைஞ்சவங்க பேரு யாரைம்மா போடறது? எங்க அப்பா போயி ரொம்ப வருசமாச்சு, அவுக பேரப் போடட்டுமா?”

“முடியாது சார். புக்கிங் யார் பேர்ல இருக்கோ அவங்கதான். பொண்ணைப் பெத்தவங்க எல்லாரும் அப்படித்தான் போயிருக்காங்க.”

பூலோகம் அதிக நேரம் யோசிக்கவில்லை. “போடும்மா” என்றார். போன் ஒரே ஒரு தடவை குலுங்கியது. ‘தங்கள் இரங்கல் கூட்டம் உறுதி. வாழ்க.’ கைப்பிரஸ் மாதிரி, ஒன்றுக்கு ஒன்று. அந்த நிம்மதியில் அவர் தான் செத்துப்போனதைக்கூடச் சயான் ஸ்டேஷன் வரும் வரைக்கும் மறந்திருந்தார்.

முப்பிடாதியிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. எழுந்துபோய் அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு வந்து, “அந்த மனுசனுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது” என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து தாஹிருக்கு அதுதான் வேலை. வாசலில் ‘அமரர் பூலோகம் இரங்கல் கூட்டம்’ என்று விளக்கெழுத்தில் ஓடிக்கொண்டிருந்த பலகைக்கு முன்னால் குலையோடு இரண்டு வாழை மரங்களைக் கட்டினான். மிச்சம் தெரிந்த இடத்தில் தென்னங்குருத்துத் தோரணம். வானமாமலை வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தவர், வாழைக் குலையைத் தட்டிப் பார்த்து, “பரவால்ல, நல்ல குலை” என்றார். ஒரு பல்லிகூடச் சத்தம் போடவில்லை. மேளம் நன்றாக வாசித்தார்கள். மணவறையில் ஹரி மாரிசெல்வியிடம் ஏதோ சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பூலோகம் தேங்காயும் கையுமாக நின்று, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக இரங்கலுக்கு வருகிறவர் ஒரு உபதலைவர். காபி சாப்பிட்டுவிட்டு இரண்டு வரி முணுமுணுத்துவிட்டுப் போகிறவர். அன்றைக்கு வந்தது அனந்தநாராயணன். பூலோகம் என்ற பெயரைப் பார்த்ததும் மனது கேட்காமல், தானே வருகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார். மணவறையைப் பார்த்துத் திகைத்து நின்றவர், உடனே தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தகப்பன் போன துக்கத்திலும், குறித்த முகூர்த்தத்தை விடாமல் பெண்ணைக் கரையேற்றுகிறார்கள். அவர் கண் கலங்கியது. எதிரே வந்த பூலோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அவர் தம்பியா? அதே ஜாடை. மனசைத் தேத்திக்கோங்கோ.”

“ஐயா, நான்தான்…”

“தெரியறது. இனிமே எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்.”

சொல்லிவிட்டு மைக்கிடம் போனார். தாஹிர் ஏற்கெனவே சத்தத்தை ஒன்றுமில்லாமல் பண்ணியிருந்தான். ஆனால் அவர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்த, பெரிய மனிதர் கை காட்டுகிறாரே என்று அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்து மனிதரின் குரலுக்கு மைக் தேவைப்படவும் இல்லை.

“நம்மை விட்டுப் பிரிந்த பூலோகம் அவர்களை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். ஒரு மணி நேரம் நான் பேசினேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசலை. அப்படிப்பட்ட அறிவாளியை இந்த பம்பாயிலே நான் பாத்ததில்லை. ஒரு குறையோட வந்தார். அது குறை இல்லை, நம்ம சபையோட பெருமைன்னு நான் விளக்கினதும் கும்பிட்டுட்டுப் போயிட்டார். எத்தனையோ பேர் வரா, மறுபடி மறுபடி வரா, அதே குறையைச் சொல்றா. இவர் திரும்பி வரவே இல்லை. சபைக்கு வரவாள்லாம் இவரை மாதிரி இருந்துட்டா, எங்களுக்கு வேலையே இருக்காது. இருக்கற வேலையும் இல்லாம நாங்க நிம்மதியா இருப்போம். பொண்ணு மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறதைப் பாக்க அவருக்குக் குடுத்து வைக்கலை.”

அதைப் பார்த்துக்கொண்டுதான் பூலோகம் பக்கத்தில் நின்றிருந்தார். ஹாலில் குழந்தைகள்கூட ஓடாமல் நின்றுவிட்டன. முப்பிடாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாரிசெல்வியின் தலை நிமிர்ந்திருந்தது, சிரிப்பு இல்லை.

முதல் வரிசையில் வானமாமலை எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மணவறைக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்ன நடக்குது இங்கன?”

“சம்பந்தி, நான் சொல்லுதேன், செத்த உக்காருங்க” என்றார் பூலோகம்.

“நீரு பேசாதேயும். இவ்வளவு நேரம் உமக்குத்தான் பேசினாவ. அறிவாளிங்காவ, பம்பாயிலேயே இல்லைங்காவ. மாப்பிள்ளையைப் பெத்தவன் ஒருத்தன் முன்னால உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை உண்டா?”

பூலோகத்துக்குப் புரியவில்லை. ஹாலில் ஒருவருக்கும் புரியவில்லை.

“உசுரோட இருக்கவனைச் செத்தான்னு சொன்னா ஆயுசு நூறுன்னு எங்க ஆத்தா சொல்லுவா. இதவிட நல்ல சகுனம் உண்டா? அந்த ஆயுச மொத்தமும் பொண்ணு வீட்டுக்கே எழுதிக்கிட்டிய. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் மரியாதைன்னு சும்மா வாயிலதான் சொல்லுதியளா?” அவர் அனந்தநாராயணன் பக்கம் திரும்பினார். “ஐயா, எனக்கும் பேசும்.”

அனந்தநாராயணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு புக்கிங் இருக்கோ?”

“இல்ல.”

“அப்போ நீங்க காலமாகலை. நான் பேச முடியாது.”

“பத்து வார்த்தை பேசக் கூடாதா?”

“சிஸ்டத்திலே பேர் வரணும். கவுண்டர் பத்து மணிக்குத் திறப்பா.”

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் ஒன்பதரை வரைக்கும்தான்.

“அப்போ தாலியத் தட்டுக்குள்ள வையுங்க” என்றார் வானமாமலை. “ஹரி, எந்திரி.”

“அப்பா, உக்காருங்கப்பா” என்றான் ஹரி. எழுந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இல்லை. மாரிசெல்வி யாரையும் பார்க்காமல், மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூலோகம் தேங்காயைக் கீழே வைத்தார். தாஹிரிடம் கையைக் காட்டி மைக்கைத் திறக்கச் சொன்னார். பட்டறை தவிர எங்கேயும் குரல் உயர்த்தாத மனிதர், மைக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பூலோகம் பேசுதேன். செத்துப்போன பூலோகம்தான்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

“எங்க சம்பந்தி வானமாமலை, அவுகளும் போயிட்டாவ.”

வானமாமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்குப் பேசத் தெரியாது. அவுக பூனைக்குப் பயப்படுவாவ, எல்லாருக்கும் தெரியும். மனுசனுக்குப் பயப்பட மாட்டாவ. மழைத் தண்ணி ஏறுன வருசம், பேண்ட் தைக்கிற பொம்பளைகள அவுக கொடோன்ல, ஜீன்ஸ் மூட்டை மேல படுக்க வச்சாவளாம். மூட்டையெல்லாம் நாசமாப் போச்சாம். அதை அவுக எங்கிட்ட சொல்லல. எம் மவ சொன்னா. அவளுக்கு ஹரி சொல்லியிருக்காரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க கோலில கரண்டு போச்சு. ஃபேன் ஓடல. அவுகளுக்கு வேர்த்து ஊத்துது. கரண்டு போனா நல்ல சகுனமா? எந்திரிச்சுப் போயிருவாவன்னு நான் கதவப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அவுக சட்டைப் பட்டனக் கழத்திக்கிட்டு, ‘நல்லா காத்து வருது’ன்னாவ. வரல. காத்தே வரல அன்னிக்கு.” பூலோகம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எம் புள்ள அந்த வீட்டுல நல்லா இருப்பான்னு. அப்பேர்ப்பட்ட மனுசன்…”

 மைக்கைத் தாஹிரிடம் கொடுத்துவிட்டு, தேங்காயை எடுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டார்.

வானமாமலை திரும்பி நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயரைப் பார்த்துக் கையை அசைத்தார். கெட்டிமேளம் முழங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அனந்தநாராயணன் மட்டும் யாரிடமோ, “புக்கிங் இல்லாம ஒருத்தர் காலமாயிருக்கார், இதை உபகுழுவிலே வச்சே ஆகணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹரி தாலி கட்டி முடித்ததும், அட்சதை போட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கண்ணையும் அதிலேயே ஒற்றிக்கொண்டு, வானமாமலை பூலோகத்திடம் வந்தார்.

“ஏன் சம்பந்தி, எம்மேல இம்புட்டுப் பிரியம் வச்சுருந்தியளே. நான் உசுரோட இருக்கையிலேயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா.”